கீரிமலைக் கேணி

தீவகத்தில் பிறந்தவர்கள் நாங்கள். புதுக் கிணறு என்றால் முதலில் கேட்பது, "தண்ணி நல்லதோ, சவரோ?" என்றுதான். ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, காங்கேசன்துறைப் பக்கம் போனால் கீரிமலை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். மதிலுக்கு அப்பால் அலை அடிக்கிறது, இப்பால் ஊற்றுநீர். கன்னியாவில் உள்ள ஏழு கிணறுகளைப்போல இது வெந்நீர் அல்ல. வெயிலில் வந்து இறங்கினால் உடம்பு சிலிர்க்கும்.

கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறக் காரணம் சுண்ணாம்புக்கல். வலிகாமத்து மழை பாறை வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடியில் ஓடி, கரையில் ஊற்றாகிறது. நன்னீர் பாரம் குறைந்ததால் உவர்நீரின்மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது கணக்கு. கண்டபடி இறைத்தால் உப்பு மேலேறும். நெடுந்தீவாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கீரிமலையில் நீராடித்தான் நகுல முனிவருக்குக் கீரிமுகமும், இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரைமுகமும் நீங்கின என்பது ஐதீகம். நகுலேஸ்வரமும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் அந்தக் கதைகளோடு நிற்கின்றன. 1990இல் போரால் ஊர் இடம்பெயர்ந்தது. நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயம். இப்போது ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்யத் திரளுகிறார்கள்.

சும்மா குளிக்கப் போகிறவர்கள் சாதாரண நாளில் காலையிலேயே போங்கள். படி பாசி பிடித்து வழுக்கும், கவனம். சவர்க்காரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.