பாய்லருக்கு எந்த ஒயர்?

தாராவி 90 அடி ரோடு பக்கம் நம்மவர் ஒருவர் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். நெல்லைச் சீமைக்காரர். காலை டூட்டிக்கு ஓடும் எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. கேஸ் சிலிண்டர் கட்டுப்படியாகவில்லை என்று சென்ற மாதம் ஒரு மின்சார பாய்லர் செய்து வைத்தார். 20 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் டிரம்மில் துளை போட்டு, 3,000 வாட் எலிமென்ட் மாட்டி, குழாயும் பொருத்தி வாங்கியது. டிரம் வேலையில் குறை சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து, "தம்பி, பிளக் லேசாக் கறுத்திருக்கு. புதுசுன்னா அப்படித்தானோ?" என்று கேட்டார்.

ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். இட்லித் தட்டு போலச் சுட்டது. மேலுறை இளகிக் குழைந்திருந்தது. பழைய டேபிள் பேனில் இருந்து கழற்றிய இரட்டை ஒயர் அது!

கணக்கு என்ன சொல்கிறது?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 3,000 வாட் எலிமென்ட் 13 ஆம்பியர் இழுக்கும். பேன் இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. பேனுக்குப் போதுமான ஒயர் பாய்லருக்கும் போதும் என்று நினைப்பது, சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை ஆறு அடுக்குவது போன்றது.

ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். பலருக்கு இது தெரிவதில்லை. 5 மீட்டர் நீளத்தில் அரை ஸ்கொயர் எம்.எம். ஒயர் போட்டு 13 ஆம்பியர் ஓட்டினால், ஒயரிலேயே 60 வாட்டுக்கு மேல் சூடாக வீணாகும். அதே நீளத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் சுமார் 13 வாட்தான். 20 லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதிக்க அரை மணிக்கு மேல் ஆகும். தேநீர்க் கடையில் அது காலை முழுவதும் ஓடுகிறது. ஒயருக்கு ஓய்வே கிடையாது.

ஆகவே 3,000 வாட் பாய்லருக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், மூன்று இழை கொண்டதாக, மேலே தடித்த உறை போட்டதாக வாங்க வேண்டும். பிளக்கும் சாக்கெட்டும் 16 ஆம்பியர். டி.வி.க்கு வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது. மிச்ச ஒயரைச் சுருட்டி வைப்பதும் ஆபத்து. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

கடையில் பார்க்க வேண்டியது

கிராபர்ட் மார்க்கெட் அருகே லோஹார் சாலில் எல்லா ரகமும் கிடைக்கும், போலியும் கிடைக்கும். ஒயரின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். நுனியில் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை பாதியானாலும் வேண்டாம்.

இன்னொன்று. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். கொதிக்கிற டிரம்மை ஒட்டிய இடத்தில் அது நிற்காது. எலிமென்டின் திருகில் இருந்து கடைசி ஒரு சாண் தூரத்துக்கு சிலிகான் ரப்பர் உறை போட்ட ஒயர் வைத்து, பீங்கான் கனெக்டரில் இணைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் அந்த இணைப்புதான் முதலில் கருகும்.

பச்சை ஒயரை வெட்டாதீர்கள்

அண்ணாச்சியின் பாய்லரில் எர்த் ஒயரே இல்லை. எலிமென்ட் உள்ளே வெடித்தால் டிரம், குழாய், தண்ணீர் எல்லாவற்றிலும் மின்சாரம் இருக்கும். குழாயைத் திருப்புவது கடைப் பையன். ஈரத் தரையில், ஈரக் கையோடு.

டிரம்மின் உலோகத்தில் தனியாக ஒரு போல்ட் வைத்து, பச்சை ஒயரை அதில் இறுக்க வேண்டும். மறுமுனை பிளக்கின் பெரிய கம்பிக்குப் போக வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றி 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுகிறவர்களும் நம்மில் உண்டு. அப்புறம் எம்.சி.பி. விழாது, ஒயர்தான் எரியும்.

என் வார ஓய்வு நாளில் இருவரும் போய் ஒயர் வாங்கி வந்தோம். எலெக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தார். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு எரியவே இல்லை. சாக்கெட்டில் மூன்று துளை இருந்தும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் கிடையாது! மீட்டர் போர்டில் இருந்து புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. செலவு பாய்லருக்கு ஆனதை எட்டிவிட்டது. அண்ணாச்சி இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பாய்லர் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, அவரே பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்கு தம்பி" என்றார்.