கிளியின் இடமும் வலமும்

மாணவருட் பெரும்பாலோர் வலக்கையால் எழுதுகின்றனர். இடக்கையால் எழுதுவோர் சிலரே. இவ்வேறுபாடு மக்களுக்கே உரியது என்று பலர் எண்ணுவர். பறவைகளுள் கிளியினத்திலும் இஃது உண்டு.

கிளியின் காலில் விரல்கள் நான்கு. அவற்றுள் இரண்டு முன்னோக்கியும், இரண்டு பின்னோக்கியும் அமைந்துள்ளன. ஆதலின், அது ஒரு காலால் கிளையைப் பற்றி நின்று, மற்றொரு காலைக் கைபோலத் தூக்கிக் கனியைப் பிடித்து உண்ண வல்லது. எந்தக் காலைத் தூக்குகிறது என்பதே ஈண்டுக் காணத்தக்கது. ஆஸ்திரேலியாவில் காக்கட்டூ எனப்படும் பெரிய வெண்கிளி ஒன்று உண்டு. அதன் தலையில் மஞ்சள் நிறக் கொண்டை விளங்கும். அவ்வினத்துப் பறவைகள் ஏறத்தாழ எல்லாமே இடக்காலால் உணவை எடுக்கின்றன. இளம் பறவைகளோ இரு கால்களையும் மாற்றி மாற்றி முயன்று, பின்னரே இடக்காலில் நிலைபெறுகின்றன. வலக்காலை விரும்பும் இனங்களும் உள. சிறு விதைகளை அலகாலேயே பொறுக்கும் சிறு கிளிகளிடம் இவ்வழக்கம் தெளிவாகக் காணப்படுவதில்லை. காலால் பற்ற வேண்டிய தேவை அவற்றிற்கு இல்லை அன்றோ!

காலின் இவ்விருப்பம் கண்ணோடு தொடர்புடையது. கிளியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. ஒரு பொருளை நுணுகி நோக்க விரும்பும் கிளி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் நோக்கும். இடக்கண் கண்டதை மூளையின் வலப்பாகமும், வலக்கண் கண்டதை இடப்பாகமும் பெரிதும் ஏற்கின்றன. ஆஸ்திரேலியக் கிளியினங்கள் பலவற்றை ஆராய்ந்து 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டோர், எக்கண்ணால் பொருளைக் கூர்ந்து நோக்குகின்றதோ, பெரும்பாலும் அப்பக்கத்துக் காலாலேயே கிளி அதனை எடுக்கிறது என்று கண்டனர்.

நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆஸ்திரேலியாவிலோ இக்கொண்டைக்கிளியை வீட்டில் வளர்ப்போர் பலர். அவர்கள் கூறும் குறை ஒன்று உண்டு. "நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று காரணமின்றிக் கடித்துவிட்டது" என்பதே அது. காரணமின்றிக் கிளி கடிப்பது அரிது.

கிளிக்கு அலகு வாய் மட்டும் அன்று; மூன்றாவது காலும் ஆகும். மரத்தில் ஏறும்போது அது முதலில் அலகால் கிளையைப் பற்றும். அக்கிளை தன்னைத் தாங்குமா என்று தேர்ந்த பின்னரே காலை எடுத்து வைக்கும். சிறுவன் ஒருவன் கூண்டின் முன் கையை நீட்டுகிறான் என்று கொள்வோம். கிளி குனிந்து, அலகால் அவன் விரலை மெல்லப் பற்றுகிறது. கடிக்க வந்தது என்று அஞ்சிச் சிறுவன் கையை வெடுக்கென இழுத்துக்கொள்கிறான். காலூன்ற வேண்டிய கிளை நழுவிப் போயிற்று! மறுநாள் அக்கை மீண்டும் வரும்போது, அது நழுவாதபடி கிளி இறுகப் பற்றுகிறது. சிறுவன் அலறுகிறான். கிளி தேர்ந்து பார்த்தது. வீட்டார் கண்டது கடி.

அச்சத்தால் கடிப்பது இதனின் வேறு. பின்புறத்திலிருந்தோ தலைக்கு மேலிருந்தோ திடீரென இறங்கும் கை, பருந்தின் வரவை ஒத்தது. காட்டில் என்றால் கிளி பறந்தோடிவிடும். கூண்டில் அதற்கு வழி ஏது? முதலில் கொண்டையை விரிக்கும். கண்ணின் பாவை சுருங்கி விரியும். உடலைப் பின்னுக்குச் சாய்க்கும். இவை அனைத்தையும் பொருட்படுத்தாது கை நெருங்கினால்தான் அலகு திறக்கும். கொட்டைகளை உடைக்கும் அவ்வலகு விரலுக்கு இரங்குமோ?

ஒரு பக்கத்தில் கை நீட்டினால் அமைதியாக ஏறும் கிளி, மறுபக்கத்தில் நீட்டினால் கடிப்பதும் உண்டு. அப்பக்கத்துக் கண் மங்கியிருக்கலாம். சிறகில் நோவு இருக்கலாம். முன்பொருநாள் அப்பக்கத்திலிருந்து வந்த கை அதனைத் துன்புறுத்தியிருக்கலாம். திடீரெனத் தோன்றிய மாற்றமாயின், பறவைகளை அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. அடித்தும் கூச்சலிட்டும் திருத்த முயல்வோர் அக்கிளியின் அச்சத்தையே வளர்க்கின்றனர்.

இக்கொண்டைக்கிளி அரை நூற்றாண்டுக்கு மேலும் வாழ வல்லது. கடிக்கும் கிளி என்று பெயர் பெற்றுவிட்டால், வீடு வீடாகக் கைம்மாறும். அன்றேல் கூண்டைவிட்டு வெளிவராமலே கிடக்கும். ஒரு சிறுவன் கையை இழுத்துக்கொண்ட அந்த நொடிப்பொழுதின் விளைவை, அவன் முதியவனாகும் வரையில் அப்பறவை சுமக்க நேரிடும்.

அச்சிறுவனையே மீண்டும் நோக்குவோம். இம்முறை அவன் கிளி தலை சாய்த்து நோக்கும் பக்கத்தில் நின்று, அதன் மார்புக்குச் சற்றுக் கீழே முன்கையை அசையாது நீட்டுகிறான். கொண்டை படிந்திருக்கிறது. கிளி குனிந்து அலகால் அவன் கையைத் தொட்டுப் பார்க்கிறது. அவன் அசையவில்லை. முதலில் ஒரு காலும், பின்னர் மற்றொரு காலும் அவன் கைமேல் ஊன்றுகின்றன.