வீடு பெருக்கும் இயந்திரம்: வாங்கலாமா?

கடையைப் பெருக்க ஆள் இருக்கிறது. வீட்டைப் பெருக்கும் வேலையோ பெரும்பாலும் இல்லத்தரசியர் தலையில்தான் விழுகிறது. அதிலும் மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்வோர் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கிட்டங்கித் தூசியில் பாதி நம் வேட்டியிலும் காலிலும் ஒட்டி வீட்டுக்கு வந்து சேர்கிறது.

காலையிலும், மாலை விளக்கு வைக்கும் முன்பும் குனிந்து பெருக்கி வந்த எங்கள் துணைவியாருக்கு முழங்கால் தேய்ந்து, இனிக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பின் பிள்ளைகள் வாங்கி வந்ததே 'ரோபோ வாக்குவம் கிளீனர்'. ஒன்றரை ஆண்டாக ஓடுகிறது. கண்டதை அப்படியே எழுதுகிறோம்.

இது புத்தம் புதிய சரக்கு அல்ல. சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் 2001-லும், அமெரிக்காவின் ஐரோபோட் கம்பெனி 'ரூம்பா' என்ற பெயரில் 2002-லும் சந்தைக்குக் கொண்டு வந்தவை. வட்டத் தட்டுப் போல, ஏறத்தாழ 10 செ.மீ. உயரம். பக்கத்தில் சுழலும் சிறு பிரஷ் ஓரத்துத் தூசியை உள்ளே தள்ளுகிறது. நடுவில் உருளும் பிரஷ் அள்ளுகிறது. காற்று உறிஞ்சி டப்பாவில் சேர்க்கிறது. கட்டிலுக்கு அடியில் இது எடுக்கும் தூசியைப் பார்த்தால், இத்தனை நாள் அதன் மேல்தான் படுத்திருந்தோமா என்று தோன்றும். பேட்டரி இறங்கினால் தானே போய்ச் சார்ஜில் நின்றுகொள்ளும். அடியிலுள்ள அகச்சிவப்புக் கதிர், படியின் விளிம்பைக் கண்டு திருப்பிவிடும். கறுப்புத் தரையைப் பள்ளம் என்று எண்ணி மிரள்வதும் உண்டு.

நம் வீடுகளுக்கு இது ஒத்துவருமா? பழைய வீட்டு நிலைப்படிகள்தான் முதல் தடை. சுமார் 2 செ.மீ.க்கு மேல் ஏறாது. அறைக்கு அறை தூக்கி வைக்க வேண்டும். பாய்க் குஞ்சம், நூல், தலைமுடி எல்லாம் பிரஷில் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் சிந்திய இடத்திலோ, குழந்தை அசுத்தம் செய்த இடத்திலோ விட்டால் வீடு முழுவதும் பூசி வைக்கும். வத்தல் தூசி ஃபில்டரைச் சீக்கிரம் அடைப்பதால் நாங்கள் வாரம் இருமுறை தட்டுகிறோம், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு! வாசலுக்கும் முற்றத்துக்கும் தென்னை விளக்குமாறுதான்.

பெரிய மாற்றம் வேறு. தரை காலியாக இருந்தால்தான் இயந்திரம் ஓடும். ஆகவே செய்தித்தாள், சார்ஜர் வயர், பேரனின் விளையாட்டுச் சாமான், நம் பில் கட்டு ஆகியவற்றை எடுத்து வைப்பது எங்கள் வீட்டில் ஆண்களின் வேலை என்றாகிவிட்டது. கடைக்குப் புறப்படும் முன் பத்து நிமிடம். துணைவியார் நாற்காலியில் அமர்ந்தபடி, "அந்த மூலை" என்று விரல் காட்டுகிறார். அவருக்கு முழங்கால் வலி குறைந்ததில் இயந்திரத்துக்கு எவ்வளவு பங்கோ, இதற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

பாத்திரம் துலக்க வரும் அம்மாவை நிறுத்திவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது சரிவராத கணக்கு. இது தூசி மட்டுமே எடுக்கும். ஒட்டடை அடிக்காது, மாடிப்படி ஏறாது.

வாங்குவோர் விலையைவிட உதிரி பாகத்தை முதலில் விசாரிக்க வேண்டும். பிரஷ், ஃபில்டர், சில ஆண்டில் பேட்டரி என மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய சாமான் இது. முன்னோடியான அந்த ஐரோபோட் கம்பெனியே 2025 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அதற்குச் சரக்கு செய்து கொடுத்து, பாக்கிக்கு நின்ற சீனத் தயாரிப்பாளரே அதை எடுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. பெயரைப் பார்த்து மட்டும் வாங்காமல், நம் ஊரில் அல்லது பக்கத்து நகரில் பழுது பார்ப்பவர் உண்டா என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதைக் கடை பில்லில் ஏற்றி உள்ளீட்டு வரவு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆடிட்டரும் அதையேதான் சொல்வார்.