நடுத்தூர ஓட்டத்தில் வேகப் பங்கீடு

ஐதராபாத், செகந்தராபாத் இரட்டை நகரங்களின் வடபகுதியில் அமைந்துள்ளது போலாரம். நிஜாம் ஆட்சிக் காலத்திலிருந்தே படைகள் தங்கிவந்த இடம் இது. குடியரசுத் தலைவர் தென்னகம் வரும்போது தங்கும் ராஷ்டிரபதி நிலையமும் இங்குதான் உள்ளது. இத்தகைய படைவீட்டு ஊர்களில் வளரும் இளைஞர்களுக்கு ஓட்டம் என்பது வெறும் விளையாட்டு அன்று, பிழைப்போடும் தொடர்புடையது. இராணுவத்தில் சேர விரும்புவோருக்கான உடற்தகுதித் தேர்வில் 1,600 மீட்டர் ஓட்டம் முக்கிய இடம் பெறுகிறது. இதில் ஓர் இளைஞர் தோற்பதற்கு வலிமைக் குறைவு மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. இருக்கும் வலிமையை நான்கு சுற்றுகளுக்கும் பங்கிட்டுக்கொள்ளத் தெரியாமையும் ஒரு காரணமாகும். இப்பங்கீட்டின் தன்மையை அறிய, நம் இராணுவ வீரர் ஒருவர் உலக அரங்கில் ஓடிய ஓட்டமே சிறந்த பாடமாக அமைகிறது.

மாண்ட்ரீல் தரும் பாடம்

1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்கு இந்தியாவின் ஸ்ரீராம் சிங் தகுதி பெற்றார். இராஜஸ்தானத்தைச் சேர்ந்த இவர் இராஜபுதன ரைபிள்ஸ் படைப்பிரிவின் வீரர். பயிற்சியாளர் இலியாஸ் பாபரிடம் பயின்றவர். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றிருந்தவர். இறுதி ஓட்டத்தில் அவர் தொடக்கத்திலேயே முன்னணிக்கு வந்து, முதல் 400 மீட்டரை 50.85 விநாடியில் கடந்தார். அவரை ஒட்டியே வந்த கியூபாவின் ஆல்பர்ட்டோ ஹுவான்டொரேனா இரண்டாம் சுற்றில் முந்திச் சென்று, 1 நிமிடம் 43.50 விநாடியில் ஓடி முடித்து உலகச் சாதனை நிகழ்த்தினார். ஸ்ரீராம் சிங் 1 நிமிடம் 45.77 விநாடியில் ஏழாவதாக வந்தார்.

இருவரும் முதற்சுற்றை ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் முடித்தனர். இரண்டாம் சுற்றுக்கு ஹுவான்டொரேனா எடுத்துக்கொண்டது சுமார் 52.6 விநாடி; ஸ்ரீராம் சிங் எடுத்துக்கொண்டது 54.92 விநாடி. முதற்சுற்றை விட இரண்டாம் சுற்று ஒருவருக்கு இரண்டு விநாடிக்கும் குறைவாகவே நீண்டது. மற்றவருக்கு நான்கு விநாடி நீண்டது. ஆகவே, ஒரே வேகம் ஒருவருக்குத் தாங்கக்கூடிய செலவாகவும் மற்றொருவருக்குக் கடனாகவும் அமைந்துவிடுகிறது.

எனினும், ஸ்ரீராம் சிங் தவறிழைத்தார் என்று கூறுவது பொருந்தாது. அந்த ஓட்டத்தில் அவர் நிறுவிய தேசியச் சாதனை 42 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2018இல் ஜின்சன் ஜான்சன் 1 நிமிடம் 45.65 விநாடியில் ஓடிய பின்னரே அது முறிந்தது.

உடலின் வரவு செலவு

ஓட்டத்திற்கு வேண்டிய சக்தி இருவழிகளில் கிடைக்கிறது. பிராணவாயுவின் துணையுடன் பெறும் சக்தி நெடுநேரம் நிலைக்கும். ஆனால் புறப்பட்டவுடன் முழு அளவில் கிடைப்பதில்லை. மூச்சும் இரத்த ஓட்டமும் தேவைக்கேற்ப உயர ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கிறது. அதுவரை ஏற்படும் பற்றாக்குறையைப் பிராணவாயுவின்றிப் பெறும் சக்தி ஈடுசெய்கிறது. இதன் சேமிப்போ மிகச் சிறிது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் தசைகளில் அமிலத்தன்மை மிகுந்து, கால்கள் கனத்து, எட்டு வைக்கும் நீளம் குறைகிறது.

800 மீட்டர் ஓட்டத்திலேயே மொத்தச் சக்தியில் பாதிக்கு மேல் பிராணவாயுவின் துணையால் கிடைக்கிறது. 1,500 மீட்டரில் இப்பங்கு இன்னும் அதிகம். எனவே சேமிப்பை முதல் இருநூறு மீட்டரிலேயே கரைத்துவிடுவோர் எஞ்சிய தூரத்தை வரவின்றிக் கழிக்க நேரிடுகிறது.

இதனால் 800 மீட்டரில் இரு சுற்றுகளும் சரிசமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. தொடக்கத்தில் உடல் புத்துணர்ச்சியுடன் இருப்பதால் முதற்சுற்று சற்று விரைவாக இருப்பது இயல்பு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1 நிமிடம் 40.91 விநாடியில் உலகச் சாதனை படைத்தபோது, முதற்சுற்று 49.28 விநாடி, இரண்டாம் சுற்று 51.63 விநாடி. வேறுபாடு இரண்டரை விநாடிக்குள்தான். 1,500 மீட்டரிலும் 1,600 மீட்டரிலும் ஏறக்குறைய ஒரே சீரான வேகமே நன்மை தரும்.

காலமா, இடமா?

சாதனைக்காக ஓடுவதும் வெற்றிக்காக ஓடுவதும் வெவ்வேறு திட்டங்களை வேண்டுபவை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவ் வாட்டில் தொடக்கத்தில் எல்லோருக்கும் பின்னால் ஓடினார். மற்றவர்கள் தளர்ந்தபோது அவர் தமது சீரான வேகத்தைக் காத்துக்கொண்டு, கடைசி அடிகளில் முந்தி, 0.03 விநாடி வேறுபாட்டில் தங்கம் வென்றார். அவருடைய நேரம் 1 நிமிடம் 45.86 விநாடி. நான்காண்டுகளுக்குப் பின் ஸ்ரீராம் சிங் ஏழாம் இடத்திற்கு ஓடிய நேரம் இதைவிடக் குறைவு என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இடத்தைத் தேர்ந்துகொள்வதும் பங்கீட்டின் ஒரு பகுதியே. வளைவு முழுவதும் இரண்டாம் தடத்தில் ஓடுபவர் சுமார் மூன்றரை மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். 1980 மாஸ்கோவில், உலகச் சாதனையாளராகச் சென்ற பிரிட்டனின் செபாஸ்டியன் கோ, மெதுவான முதற்சுற்றில் பின்னாலும் வெளிப்புறத்திலும் தங்கிவிட்டதால், தம் நாட்டவரான ஸ்டீவ் ஓவெட்டிடம் 800 மீட்டர் தங்கத்தை இழந்தார். ஆகவே முந்த விரும்புவோர் நேர்ப்பாதையில் முந்துவதே சிக்கனமானது. முன் செல்பவரின் பின்னால் ஓடினால் காற்றின் எதிர்ப்பும் குறைகிறது.

இளைஞர்களுக்கு ஒரு கணக்கு

1,600 மீட்டரை 5 நிமிடம் 30 விநாடியில் முடிக்க விரும்பும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 330 விநாடி, சுற்றுக்கு 82.5 விநாடி. கூட்டத்தோடு பாய்ந்து முதற்சுற்றை 72 விநாடியில் முடிப்பவர், அடுத்த சுற்றுகளை 84, 92, 88 விநாடிகளில் ஓடினால் மொத்தம் 336 ஆகிவிடும். முதற்சுற்றில் பத்து விநாடி மிச்சம் பிடித்தவர் இறுதியில் ஆறு விநாடி பின்தங்குகிறார். அவரே 81, 83, 84, 82 என்று ஓடியிருப்பின் இலக்கை எட்டியிருப்பார். மூன்றாம் சுற்றே மிகக் கடினமானது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். புத்துணர்ச்சி போய்விட்டது, முடிவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அச்சுற்றில் முயற்சியைக் கூட்டினால்தான் வேகம் குறையாமல் இருக்கும்.

வேகத்தை அறியும் உணர்வு பிறவியில் வருவதன்று, பழக்கத்தால் வருவது. இலக்கு வேகத்தில் 200 மீட்டரை 41 விநாடியில் ஓடி, சிறிது ஓய்வெடுத்து, மீண்டும் ஓடும் பயிற்சியை வாரம் ஒருமுறையேனும் மேற்கொள்ளலாம். கடிகாரத்தைப் பாராமல் நேரத்தை ஊகித்துக் கூறி, பின் சரிபார்ப்பது நல்ல முறை. சில வாரங்களில் ஊகம் ஒரு விநாடிக்குள் நெருங்கிவிடும்.

பள்ளிகளும் அலுவலர்களும்

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. செயற்கைத் தடம் இல்லாத ஊரிலும், நாடாவால் அளந்து சுண்ணாம்புக் கோடிட்ட மைதானமும் ஒரு நிறுத்துக் கடிகாரமும் போதும். மாணவர் ஒவ்வொரு சுற்றை முடிக்கும்போதும் நேரத்தை உரக்கக் கூற ஓர் ஆசிரியரை நிறுத்தலாம். விளையாட்டு விழாப் பதிவேடுகளில் வெற்றியாளரின் மொத்த நேரத்தோடு சுற்று நேரங்களையும் குறித்துவைத்தால், எவருக்கு வலிமை போதவில்லை, எவருக்குப் பங்கீடு தெரியவில்லை என்பது புலனாகும். இரண்டாம் வகையினரைத் திறமையற்றவர் என்று ஒதுக்கிவிடுவது நாட்டுக்கு இழப்பாகும்.

தன் வரவை அறிந்து செலவிடும் குடும்பமே ஆண்டு முழுதும் கடனின்றி வாழ்கிறது. ஓடுபவனுக்கும் அதுவே விதி. முதல் அடியிலிருந்து கடைசிக் கோடு வரை வலிமையைப் பங்கிடக் கற்பிப்பது, போலாரத்திலாயினும் தொலைதூரச் சிற்றூரிலாயினும், ஒவ்வோர் உடற்பயிற்சி ஆசிரியரும் செய்யக்கூடிய பணியாகும்.