மே மழைக்கு முன் முற்றத்தைக் கவனியுங்கள்

'ரபீஉ' என்ற அரபுச் சொல்லுக்கு வசந்தம் என்பது பொருள். நமது ஹிஜ்ரி ஆண்டின் இரு மாதங்கள் இப்பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆனால் சந்திர ஆண்டு சூரிய ஆண்டை விட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆகையால் ரபீஉல் அவ்வல் கோடையிலும் வரும், அடைமழையிலும் வரும். பெயரில் மட்டும் வசந்தம். கொழும்புவாசிகளான நமக்கும் வசந்தத்தோடு உள்ள உறவு ஏறத்தாழ இத்தகையதுதான். ஐரோப்பாவைப் போல பனி உருகி, மொட்டு விரிந்து, புல் துளிர்க்கும் பருவம் நமக்கில்லை.

ஆயினும் செடி வளர்ப்போர் தவற விடக்கூடாத ஒரு காலம் நமக்கும் உண்டு. மார்ச் மாதமும் ஏப்ரல் மாதமுமே அது. கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மாதத்துக்குச் சராசரியாக 60, 70 மில்லிமீற்றர் மழைதான் கிடைக்கிறது. ஏப்ரலில் அது 240ஐத் தாண்டுகிறது. தென்மேல் பருவக்காற்று தொடங்கும் மே மாதத்திலோ 390 மில்லிமீற்றரை எட்டுகிறது. காய்ந்து கிடந்த முற்றம் எட்டே வாரத்தில் நனைந்து குளிரும். அந்த எட்டு வாரத்தில் செய்ய வேண்டியதைச் செய்தவரின் வீட்டில் ஆண்டு முழுதும் பூ இருக்கும். செய்யாதவரின் வீட்டில் வேர் அழுகும், நுளம்பு பெருகும்.

மருதானை, மாளிகாவத்தை, பஞ்சிகாவத்தைப் பகுதிகளில் வாழும் நம்மில் பலருக்குத் தோட்டம் என்பது சுவரோரம் நான்கு சாடிகளும் மாடியில் ஆறு சாடிகளுமே. கறுவாத்தோட்டத்துப் புல்வெளிகளை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது. அதில் காணியின் அளவு சொல்லப்படவில்லை.

நிழல் காலடிக்குள் ஒடுங்கும் நாட்கள்

ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். நண்பகலில் அதன் நிழல் இல்லாமலே போய்விடும். (தொழுகை நேரங்களைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். உச்சி நிழலைக் கழித்து அஸர் நேரத்தைக் கணக்கிடுவது பற்றிப் பாடத்தில் படித்தது அப்போது நன்கு விளங்கும்.) இந்நாட்களில் பகல் வெயிலில் ஊற்றும் நீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். சுப்ஹுக்குப் பின் ஊற்றுவதே சிறந்தது, முடியாதவர்கள் அஸருக்குப் பின் ஊற்றலாம். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதை விட, வேர் நனையும் வரை ஊற்றி, மேல்மண் காய்ந்த பிறகு மீண்டும் ஊற்றுவதே முறை. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வுழூச் செய்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று சகோதரிகள் கேட்பதுண்டு. தாராளமாக ஊற்றலாம். ஷாஃபிஈ மத்ஹபின்படி அது 'முஸ்தஃமல்', அதாவது பாவிக்கப்பட்ட நீர். அதனால் மீண்டும் வுழூச் செய்ய முடியாதே தவிர, அந்நீர் சுத்தமானதுதான். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைந்த நீரில், வுழூச் செய்ததை ஹதீஸ்களில் படிக்கிறோம். நாமோ குழாயைத் திறந்து விட்டுச் செய்கிறோம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐவேளையும் வடிவதை ஒரு வாளியில் பிடித்தால் பத்துச் சாடிகளுக்குப் போதும். அரிசி கழுவிய நீரும் நல்லதே. சவர்க்காரத் தூள் கலந்த நீர் மட்டும் வேண்டாம்.

கத்தரிக்கத் தயங்க வேண்டாம்

பூக்கும் செடியை வெட்ட நம் பெண்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் செவ்வரத்தை, ரோஜா, மல்லிகை யாவும் புதுக் கிளையிலேயே பூப்பவை. மழைக்கு முன் காய்ந்த கொப்புகளையும், உட்புறமாக ஒன்றையொன்று உரசும் கொப்புகளையும் நீக்குங்கள். உயரமாகிப் போனதை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சரிவாக வெட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டிய இடத்தில் நீர் தங்காது. ரோஜாவின் இலையில் மழைக்காலத்தில் விழும் கரும்புள்ளி நோய் காற்றோட்டமில்லாத செடியில்தான் வேகமாகப் பரவும். கடதாசிப் பூ என்று நாம் சொல்லும் போகன்வில்லா வறட்சியில் பூப்பது. ஆகவே பூ முடிந்ததும் வெட்டிவிடலாம், நீரையும் குறைத்தே கொடுக்கலாம்.

நம் வீடுகளின் தனிச்செடி மருதோன்றி. (மருதானைக்கும் மருதோன்றிக்கும் பெயரில்தான் பொருத்தம். வேறு சம்பந்தம் உண்டென்று நான் சொல்ல வரவில்லை.) முன்பெல்லாம் பெருநாள் இரவில் உம்மாமார் அம்மியில் அரைத்துப் பிள்ளைகளின் கையில் வைத்ததை இன்று குழாயில் அடைத்த பசை பிடித்துவிட்டது. அவற்றுள் கரு நிறம் தரும் சிலவற்றில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய இரசாயனம் கலக்கப்படுவதுண்டு. பிள்ளைகளின் தோல் கொப்பளித்துப் புண்ணாவதும் அதனாலேயே. சொந்தச் செடி இருந்தால் இந்த அச்சம் இல்லை. மருதோன்றிக்கு முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். நோன்புப் பெருநாள் 2025இல் மார்ச் முடிவில் வந்தது. அவ்வாறு இலை பறித்து முடிந்த கையோடு செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மழையில் அடர்ந்து துளிர்த்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இளம் இலை தரும். வெட்டிய தடிகளை வீசாதீர்கள். பென்சில் பருமனான தடியை ஒரு சாண் நீளத்தில் நறுக்கி ஈர மணலில் நட்டால் வேர்விடும். அயல் வீட்டுக்குக் கொடுக்க அதைவிட நல்ல அன்பளிப்பு ஏது?

மண்ணும் எருவும்

இரண்டு ஆண்டுகளாகச் சாடி மண்ணை மாற்றவில்லையா? ஒரு கோப்பை நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் மேலேயே நின்றால் மண் இறுகிவிட்டது, அல்லது அடியிலுள்ள துவாரம் வேரால் அடைபட்டுவிட்டது என்று பொருள். செடியை வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்ட வேரைக் கொஞ்சம் நறுக்கி, மண், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றையும் சம அளவில் கலந்து மீண்டும் நடுங்கள். தும்புச்சோற்றை ஒருமுறை கழுவிக்கொள்வது நல்லது, அதில் உப்பு இருக்கக் கூடும்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்றே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தரப்பட்டது. அன்று கூட்டெரு செய்யப் பழகிய பெண்கள் பலர், பொருட்கள் கிடைக்கத் தொடங்கியதும் கைவிட்டுவிட்டார்கள். அது வருந்தத்தக்கது. துளையிட்ட பழைய வாளியொன்று போதும். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது ஒரு பங்கு போட்டால், காய்ந்த சருகு இரண்டு பங்கு போட வேண்டும். மீன், எலும்பு, எண்ணெய்ச் சோறு சேர்ந்தால் எலியும் பூனையும் வரும். மழை விழாதபடி மூடிவைத்து வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று மாதத்தில் எரு தயார்.

மாட்டெரு, ஆட்டெரு பற்றியும் சொல்ல வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இவை நஜீஸ். எனினும் செடிக்கு இடுவது கூடும். அதில் விளைந்த பூவும் காயும் சுத்தமானவையே. காயின் மேல் எரு ஒட்டியிருந்தால் அதை மட்டும் கழுவ வேண்டும். எருவைத் தொட்டவர் கையையும் பட்ட உடையையும் கழுவிவிட்டுத் தொழ வேண்டும். ஆகவே தோட்ட வேலைக்கென ஒரு பழைய உடையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் என்ற பெயரில் நம் முன்னோர் எருவை வெறுக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தமது 'கிதாபுல் ஃபிலாஹா'வில் மண் வகைகளுக்கும் எருக்களுக்கும் தனித்தனி அத்தியாயங்களே எழுதியுள்ளார்.

புல்தரை உள்ளவர்களுக்கு ஓரிரு வார்த்தை. நம் நகரில் அதிகம் காணப்படும் அகன்ற இலை மலேசியப் புல் நிழலையும் தாங்கும். ஒரே தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஏப்ரலில் பள்ளமான இடங்களை மணலும் கூட்டெருவும் கலந்து நிரப்பி, நீர் ஓடச் சரிவு காட்டுங்கள். நீர் வடியாத இடத்தில் அரசாங்கத்தாலேயே தோட்டம் வளர்க்க முடியவில்லை. 1810இல் கொம்பனித்தெருவில் 'கியூ' என்ற பெயரில் தாவரவியல் தோட்டமொன்று தொடங்கப்பட்டது. வெள்ளம் ஏறும் அந்தத் தாழ்நிலம் ஒத்துவராமல், 1813இல் அது களுத்துறைக்கும் 1821இல் பேராதனைக்கும் மாறியது. கியூ வீதி என்ற பெயர் மட்டும் அங்கே எஞ்சியிருக்கிறது.

சாடிக்குக் கீழே என்ன இருக்கிறது?

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறந்துவிடாதீர்கள். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. நகரில் குப்பை தேங்கியது. மே மாதம் மழை கொட்டியது. அவ்வாண்டு நாடெங்கும் 1,86,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவாயினர். ஜூலை மாதத்தில் வைத்தியசாலைகளில் கட்டிலுக்கு இருவராகப் பிள்ளைகள் கிடந்தனர்.

டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடுவதில்லை. தெளிந்த நீரைத் தேடுகிறது. அது நம் பூந்தோட்டத்தில்தான் இருக்கிறது. சாடிக்குக் கீழ் வைக்கும் தட்டு, போத்தலில் வளரும் மணி பிளாண்ட், இலைக் குழியில் நீர் தாங்கும் புரோமீலியட், சருகு அடைத்த கூரைப் பீலி, மல்லாந்து கிடக்கும் சிரட்டை, கைவிடப்பட்ட யோகட் கோப்பை என்று பட்டியல் நீளும். வேரருகே ஈரம் காக்கப் போடும் பொச்சுமட்டையைக் கூடக் கவிழ்த்தே போட வேண்டும்.

நீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதைப் பலர் அறிவதில்லை. இந்நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டுகிறது. காய்ந்துபோனாலும் அந்த முட்டை பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஜனவரியில் காய்ந்த தட்டு மே மாத மழையில் நனைந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே தட்டைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். மாடித் தோட்டத்தில் தட்டு அவசியமென்றால் அதில் மணல் நிரப்பிவிடுங்கள். மணி பிளாண்டை மண்ணுக்கு மாற்றுங்கள்.

முட்டை நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் பிடிக்கும். வாரம் ஒருமுறை பார்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். அதற்கு வெள்ளிக்கிழமையை விடப் பொருத்தமான நாள் எது? நகம் வெட்டி, குளித்து, ஜும்ஆவுக்குத் தயாராகும் நாள் அது. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் புறப்படும் முன் பீலியைத் துப்புரவு செய்யட்டும். அது பெண்கள் ஏணி ஏறிச் செய்ய வேண்டிய வேலையல்ல.

இது நம் வீட்டு விடயம் மட்டுமா? மருதானையில் ஒரு சுவருக்கு இரு வீடுகள். இந்நுளம்பு சில நூறு மீற்றருக்குள்ளேயே சுற்றுகிறது. நம் தட்டில் பிறந்தது கடிப்பது பெரும்பாலும் நம் பிள்ளையை, அல்லது அடுத்த வீட்டுப் பிள்ளையை. அயலவருக்கு வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அயலவரைப் பற்றி வலியுறுத்திக் கொண்டிருந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பறவை உண்ட கனிக்கு ஸதகாவின் கூலி உண்டென்றால், அதே செடியின் தட்டில் வளர்ந்த நுளம்பால் வரும் தீங்குக்கும் பொறுப்பு உண்டல்லவா? நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால் வழக்குத் தொடரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் வந்து நிற்கும்போது கோபப்படுவதில் நியாயமில்லை.

மழை பிடித்துவிட்டால் வேலை குறையும். அப்போது உரம் போடாதீர்கள், அது கரைந்து வடிகானுக்குப் போய்விடும். சாடிகளைச் செங்கல் துண்டுகளின் மேல் ஏற்றி வையுங்கள். தொங்கும் ஓர்க்கிட்டுகளைக் கூரைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள். வெயில் விழும் நாளொன்றில் சாடிகளைச் சற்றுத் திருப்பி வைத்தால் செடி ஒரு பக்கமாகச் சாயாது. மார்ச்சில் மணலில் நட்ட மருதோன்றித் தடிகள் ஜூன் அளவில் இரண்டு சோடி இலையாவது விட்டிருக்கும். அதுவரை அவற்றைப் பிடுங்கிப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.