ஒன்றுக்கு இரண்டு பெயர்!

ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நம் வீட்டு மூன்று வயதுக் குழந்தைகூட விரலை மடக்கிச் சொல்லிவிடும். ஆனால் கொரியா தேசத்தில் போய் இறங்கினால் இந்தச் சங்கதி அவ்வளவு சுலபமில்லை. அங்கே ஒன்றுக்கு இரண்டு பெயர். இரண்டுக்கும் இரண்டு பெயர். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று தெரியாவிட்டால், "மூன்று பேர் வந்திருக்கிறார்கள்" என்று சொல்லப் போய், "மூன்று நிமிஷம்" என்று சொல்லிவிட்டு விழிக்க வேண்டியதுதான்!

"எனக்கு எதற்கம்மா கொரியக் கணக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதல் கொரியக் கம்பெனியின் கார்கள் தயாராகி வருகின்றன. உத்தியோக நிமித்தம் வந்த கொரியக் குடும்பங்கள் நம் நகரத்திலேயே வசிக்கின்றன. அடுத்த வீட்டுக்கு ஒரு கொரிய மாமி குடிவரலாம். உங்கள் பெண்ணோ பிள்ளையோ ஸோல் நகருக்குப் படிக்கப் போகலாம். அதெல்லாம் இல்லாவிட்டாலும், இரவில் கண் விழித்துக் கொரியத் தொடர் பார்க்கிறீர்களே, அதற்காவது உதவாதா?

முதல் கணக்கு அவர்களுடைய சொந்தக் கணக்கு. ஹனா, துல், ஸெத், நெத், தஸொத், யொஸொத், இல்கோப், யொதொல், அஹோப், யொல் - பத்து ஆகிவிட்டது! இரண்டாவது கணக்கு பழைய காலத்தில் சீனத்திலிருந்து வந்தது. இல், இ, ஸாம், ஸா, ஓ, யூக், சில், பல், கூ, ஷிப். இதில் 'பல்' என்றால் எட்டு. கொரிய பாஷையில் நிஜமான பல்லுக்கு என்ன பெயர் தெரியுமா? 'இ'! அதுவே சீனக் கணக்கில் இரண்டும்கூட. இந்த வேடிக்கையை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டும் எட்டும் மறக்கவே மறக்காது.

ஒரே தேசத்தில் இரண்டு கணக்கா என்று ஆச்சரியப்படாதீர்கள். நம்மிடமும் உண்டு. கடையில் 'ஐந்து வாழைப்பழம்' கேட்கிறோம். பஞ்சாங்கத்தைப் பிரித்தால் 'பஞ்சமி' என்கிறோம். யாராவது 'பஞ்ச வாழைப்பழம்' கேட்டால் கடைக்காரர் சிரிக்க மாட்டாரா? கொரியாவிலும் அதே கதைதான்.

எங்கே எது?

சாமான்களை எண்ண, மனிதர்களை எண்ண, வயது சொல்ல - பேச்சில் சொந்தக் கணக்கு. தேதி, பணம், டெலிபோன் நம்பர், பஸ் நம்பர் - இவற்றுக்குச் சீனக் கணக்கு. கடிகாரத்தில்தான் தமாஷ். மணியைச் சொந்தக் கணக்கிலும் நிமிஷத்தைச் சீனக் கணக்கிலும் சொல்ல வேண்டும்! மூன்றே கால் மணி என்றால், 'ஸே ஷி, ஷிபோ புன்'. 'ஸே' சொந்தச் சரக்கு. 'ஷிபோ' என்ற பதினைந்து சீனத்துச் சரக்கு.

ஸெத் எப்படி 'ஸே' ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நாம் 'ஒன்று பழம்' என்றா சொல்கிறோம்? 'ஒரு பழம்' என்றல்லவா? அவர்களும் அப்படித்தான். பின்னால் ஒரு சொல் வந்தால் ஹனா 'ஹன்' ஆகும். துல் 'து' ஆகும். ஸெத் 'ஸே' ஆகும். நெத் 'நே' ஆகும்.

இப்போது அந்த விருந்தாளி விஷயத்துக்கு வருவோம். 'புன்' என்றால் நிமிஷம். மரியாதையாக மனிதர்களை எண்ணும்போது வரும் சொல்லும் 'புன்'தான். 'ஸாம் புன்' என்றால் மூன்று நிமிஷம். 'ஸே புன்' என்றால் மூன்று பெரியவர்கள். கணக்கு மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது. 'பொன்' என்று ஒரு சொல் இருக்கிறது. நகைக் கடையை நினைத்துவிடாதீர்கள்! 'து பொன்' என்றால் இரண்டு தடவை. 'இ பொன்' என்றால் இரண்டாம் நம்பர். மருந்தை இரண்டு தடவை சாப்பிடுவதற்கும் இரண்டாம் நம்பர் மருந்தைச் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லவும் வேண்டுமா?

நாம் 'மூன்று பேர்' என்று சொல்வதுபோல் அவர்கள் ஒவ்வொன்றையும் எண்ண ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக மனிதர்களுக்கு 'ம்யொங்', ஆடு மாடு பூனைக்கு 'மரி', புத்தகத்துக்கு 'க்வொன்', கோப்பைக்கு 'ஜன்'. கடைக்குப் போய், 'கொபி து ஜன் ஜுஸேயோ' என்று சொல்லிப் பாருங்கள். 'காப்பி இரண்டு கோப்பை கொடுங்கள்' என்று அர்த்தம். சொற்கள் வரும் வரிசைகூட நம் தமிழ் மாதிரியே இல்லை?

லட்சமும் கோடியும்

பணக் கணக்கில் பத்தாயிரத்துக்கு 'மன்' என்று தனிப் பெயர். எல்லாம் அதன்மேல் ஏறிப் போகிறது. பத்து மன், அதாவது 'ஷிம்மன்', நமக்கு ஒரு லட்சம். நூறு மன் பத்து லட்சம். ஆயிரம் மன் ஒரு கோடி. அதற்கு அடுத்த படி 'ஒக்' - நம் பத்துக் கோடி. மூன்று மூன்று பூஜ்யமாக எண்ணிப் பழகிய வெள்ளைக்காரர்கள் இதில் திணறுவார்கள். லட்சமும் கோடியும் தெரிந்த நமக்குப் பாதி வேலை முடிந்தது.

நான்கைக் கண்டால் மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் பயம். 'ஸா' என்ற ஓசைக்கு மரணம் என்றும் பொருள் உண்டு. அதனால் பல கட்டடங்களில் லிப்டில் நான்காவது மாடிக்கு '4' இருக்காது. 'எப்' என்ற இங்கிலீஷ் எழுத்துத்தான் இருக்கும்.

மூன்று நாளா, நான்கு நாளா?

சொந்தக் கணக்கு இன்று தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிடுகிறது. நூறுக்கு 'ஓன்' என்றும், ஆயிரத்துக்கு 'ஜுமுன்' என்றும் ஒரு காலத்தில் சொந்தச் சொற்கள் இருந்தன. சீனச் சொற்கள் அவற்றை மெல்ல விழுங்கிவிட்டன.

மிச்சம் இருப்பவையும் நழுவுகின்றனவோ என்ற கவலை 2020-ம் ஆண்டு எழுந்தது. கொரியாவில் நாட்களை எண்ணத் தனிச் சொற்கள் உண்டு. ஒரு நாள் 'ஹரு', இரண்டு நாள் 'இத்துல்', மூன்று நாள் 'ஸஹுல்', நான்கு நாள் 'நஹுல்'. அந்த வருஷம் ஆகஸ்ட் 17-ந் தேதி திங்கட்கிழமையை அரசாங்கம் விசேஷ விடுமுறையாக அறிவித்தது. சனி, ஞாயிறு, திங்கள் - சேர்ந்தாற்போல் மூன்று நாள். பத்திரிகைகள் 'ஸஹுல் விடுமுறை' என்று தலைப்புப் போட்டன. அவ்வளவுதான்! 'ஸா' என்றால் நான்கு ஆயிற்றே, மூன்று நாளை ஏன் நான்கு என்று எழுதுகிறார்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். பாட்டிகள் தினமும் பேசிய சொல், பேரன் பேத்திகளுக்கு அந்நியமாகிவிட்டது. 'ஸஹுல் கழித்து வா' என்று பாட்டி சொல்ல, பேரன் ஒரு நாள் தாமதித்து வந்தால் யாரைக் குற்றம் சொல்வது? நம் வீட்டில் 'முக்கால்', 'அரைக்கால்' என்றால் எத்தனை குழந்தைகளுக்குத் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

வயதைக் கேட்டால்

பெண்களிடம் வயதைக் கேட்கக் கூடாது என்பார்கள். கொரியாவில் கேட்காமல் பேசுவதே கஷ்டம்! ஒரு வயது மூத்தவளானாலும் பெண்கள் அவளை 'ஒன்னி' என்றுதான் அழைக்க வேண்டும், அதாவது அக்கா. வினைச்சொல்லின் முடிவுகூட வயதைப் பார்த்து மாறும்.

அந்த வயதுக் கணக்கும் விசித்திரமானது. பிறந்த அன்றே குழந்தைக்கு ஒரு வயது. புத்தாண்டு பிறந்தால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். டிசம்பர் 31-ந் தேதி பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது! இந்தக் குழப்பம் வேண்டாமென்று, 2023-ம் ஆண்டு ஜூன் 28 முதல், பிறந்த நாளை வைத்தே வயதைக் கணக்கிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் தேசம் முழுவதும் ஒன்றிரண்டு வயது இளமையாகிவிட்டது! எந்த அழகு நிலையத்தாலும் முடியாத காரியம். பள்ளியில் சேர்ப்பது, ராணுவத்தில் சேர்ப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் வேறு கணக்கு.

ஒரு வயது நமக்கு மிகவும் பரிச்சயமானது. நம்மைப் போலவே அவர்களுக்கும் வருஷங்கள் அறுபதுக்கு ஒரு சுற்று. அது பூர்த்தியாகும் பிறந்த நாளை 'ஹ்வான்காப்' என்று கொண்டாடுவார்கள். நம் சஷ்டியப்த பூர்த்திக்கு அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்கே ஆரம்பிப்பது என்கிறீர்களா? முதல் மூன்றில் ஆரம்பியுங்கள். கொரியர்கள் போட்டோ பிடிக்கும்போது 'ஹனா, துல், ஸெத்!' என்றுதான் சொல்வார்கள். அடுத்த தடவை குடும்பத்தோடு படம் எடுக்கும்போது நீங்களும் சொல்லிப் பாருங்கள். சிரிக்காமல் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளும் மாமனார்கூடச் சிரித்துவிடுவார்!