ஜீப் வண்டிக்கு நீண்ட கமான்பட்டைகள்

பாதை இல்லாத இடங்களுக்குச் செல்ல வேண்டிய அலுவலர்களுக்கு, நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப் வகை வண்டி இன்றியமையாத துணையாகும். நிலவியல் ஆய்வாளர், வனத்துறையினர், மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டு செல்வோர் ஆகிய யாவரும் அதனை நம்பியே புறப்படுகின்றனர். அவ்வண்டி ஓடைப் படுகையிலோ பாறைச் சரிவிலோ நின்றுவிடின், எஞ்சினின் வலிமை போதவில்லை என்றே பலர் எண்ணுவர். பெரும்பாலும் காரணம் அதுவன்று. சக்கரம் நிலத்தை விட்டு எழும்பிவிடுவதே காரணம். இதற்குப் பரிகாரமாக, வண்டியிலுள்ள கமான்பட்டைகளைக் கழற்றிவிட்டு, அவற்றினும் நீண்டவற்றைப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இம்மாற்றத்தின் பயன் யாது, அதனுடன் வரும் இடர்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கமான்பட்டையின் அமைப்பு

வில்லைப் போல் வளைந்த எஃகுப் பட்டைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டினால் பிணைத்தால் கமான்பட்டை உருவாகிறது. அடுக்கில் மிக நீளமானது தலைப்பட்டை. அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு வளையம் சேசிஸுடன் நேராக இணைக்கப்படும். மற்றொன்று, ஷாக்கிள் எனப்படும் ஆடும் இணைப்பின் வழியாகச் சேரும். பாரம் ஏறும்பொழுது வளைவு நிமிர்ந்து, இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் மிகுகிறது. அம்மிகுதிக்கு இடங்கொடுப்பதே ஷாக்கிளின் வேலை. பட்டைகளின் நடுப்பகுதியை யூ வடிவ போல்ட்டுகள் அச்சுடன் இறுகப் பிணைக்கின்றன.

1941 முதல் உருவான வில்லிஸ் எம்பி ஜீப்பில் முன் கமான்பட்டையின் நீளம் 36¼ அங்குலம். பின்னது 42 அங்குலம். இந்தியாவில் 1985இல் வெளிவந்த மாருதி ஜிப்சியிலும் முன்னும் பின்னும் கமான்பட்டைகளே இருந்தன.

சக்கரம் எழும்பினால் நேர்வது

ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கும் டிஃபரென்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். ஒரு சக்கரம் காற்றில் எழும்பிவிட்டால், அதனைச் சுழற்ற மிகச் சிறிய விசையே போதும். சமபங்கு என்னும் விதியினால் நிலத்திலுள்ள மற்றச் சக்கரத்திற்கும் அச்சிறிய விசையே கிட்டுகிறது. குறுக்கே ஓடும் பள்ளமொன்றைச் சாய்வாகக் கடக்கையில், முன் இடச் சக்கரமும் பின் வலச் சக்கரமும் ஒருங்கே எழும்புவதுண்டு. அந்நிலையில் எழும்பிய சக்கரங்கள் இரண்டும் வீணே சுழல, நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியும் அசையாது நிற்கும். ஆகவே கமான்பட்டை மேடு கண்டவிடத்து எளிதில் அமுங்கியும், பள்ளம் கண்டவிடத்து நன்கு இறங்கியும் சக்கரத்தை நிலத்தோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.

நீளத்தின் முப்படி

கமான்பட்டையின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் ஒட்டி நேர் விகிதத்தில் மாறும். தடிப்பின் முப்படியை ஒட்டி மிகும். நீளத்தின் முப்படியை ஒட்டிக் குறையும். எடுத்துக்காட்டாக, 36¼ அங்குலப் பட்டையின் இடத்தில், அதே எண்ணிக்கையும் அகலமும் தடிப்பும் உடைய 42 அங்குலப் பட்டையைப் பொருத்துவதாகக் கொள்வோம். நீளம் 16 விழுக்காடே மிகுந்தது. விறைப்போ பழைய அளவில் 64 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. முன்பு ஓரங்குலம் அமுங்க 100 கிலோ பாரம் தேவைப்பட்டதாயின், இப்பொழுது 64 கிலோவே போதும்.

இவ்விதியை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதாக மெய்ப்பிக்கலாம். இரும்பறுக்கும் ரம்பத் தகடு ஒன்றை மேசை விளிம்பில் 10 செ.மீ. வெளியே நீளுமாறு இறுகப் பொருத்தி, முனைத்துளையில் 50 கிராம் எடையைத் தொங்கவிடுக. முனை ஏறத்தாழ 3 மி.மீ. தாழும். தகடு 20 செ.மீ. நீளுமாறு மாற்றினால் தாழ்வு ஏறத்தாழ 24 மி.மீ. ஆகும். நீளம் இரு மடங்காயின் தாழ்வு எட்டு மடங்காதலை மாணவர் கண்ணாரக் காண்பர். இரு தகடுகளை அடுக்கி வைத்தால் தாழ்வு பாதியாகும். தகட்டின் பற்கள் கையைக் கீறாதவாறு துணி சுற்றிக்கொள்வது நலம்.

பட்டை குறைத்தலும் நீளம் கூட்டலும்

மென்மையே வேண்டுமாயின் அடுக்கிலிருந்து சில பட்டைகளை உருவிவிட்டால் போதாதா என்று பட்டறைகளில் கேட்பதுண்டு. போதாது, அது தீங்கும் ஆகும். மேற்கூறிய மென்மையைப் பட்டைகளைக் குறைத்தே பெற வேண்டின், 10 பட்டைகளில் ஏறத்தாழ 6½ பட்டைகளே எஞ்ச வேண்டும். அப்பொழுது, அதே பாரத்தில் ஒவ்வொரு பட்டையும் தாங்கும் தகைவு 56 விழுக்காடு மிகும். நீளத்தைக் கூட்டிப் பெறும்பொழுது தகைவு 16 விழுக்காடே மிகுகிறது. மேலும், சக்கரம் ஒரே அளவு ஏறி இறங்குகையில் ஏற்படும் தகைவு, நீண்ட பட்டையில் ஏறத்தாழ கால் பங்கு குறைவாக இருக்கும். ஆதலின் அது முறியாமல் அதிக தூரம் ஏறி இறங்க வல்லது. நீண்ட கமான்பட்டையின் உண்மையான சிறப்பு இதுவே.

உடன் மாற வேண்டியவை

கமான்பட்டை பாரத்தைத் தாங்குவதோடு நில்லாமல், அச்சினை அதன் இடத்தில் நிறுத்தியும் வைக்கிறது. ஆகவே அதன் நீளம் மாறினால் அதைச் சார்ந்த உறுப்புகள் அனைத்தையும் ஆராய வேண்டும்.

முதலாவது, சேசிஸிலுள்ள தாங்கிகளும் ஷாக்கிளும் புதிய நீளத்திற்கேற்ப இடம் மாற வேண்டும். நடுப்போல்ட்டின் இடம் பிசகினால் அச்சு முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். ஷாக்கிள் தவறான கோணத்தில் நின்றால், பட்டை நிமிர இடமின்றி விறைத்துப் போகும்.

இரண்டாவது, புரொப்பெல்லர் ஷாஃப்ட். அச்சு மிகத் தாழும்பொழுது அதன் நழுவு இணைப்பு கழன்றுவிடாமலும், மிக உயரும்பொழுது முட்டிக்கொள்ளாமலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பிரேக் ரப்பர்க் குழாய். சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் இக்குழாய் விறைத்து இழுபடலாகாது. அது அறுந்தால் மலைச்சரிவில் நேரும் விளைவைக் கூற வேண்டுவதில்லை.

நான்காவது, ஸ்டீயரிங் தண்டுகள். பட்டையின் இரு முனைகளின் உயரம் மாறினால் முன் அச்சு சாய்ந்து, சக்கரங்கள் தாமாக நேர்நிலைக்குத் திரும்பும் இயல்பு கெடும். தண்டின் கோணம் மிகுந்தால், ஒவ்வொரு மேட்டிலும் ஓட்டுநர் திருப்பாமலே வண்டி பக்கம் இழுக்கும்.

ஐந்தாவது, அச்சின் முறுக்கம். வேகம் கூட்டும்பொழுதும் பிரேக் பிடிக்கும்பொழுதும் அச்சு தன்னைத்தானே திருக முயலும். நீண்ட மெல்லிய பட்டை அதற்கு இணங்கி நெளிந்துவிடும். பின் அச்சிற்குத் தனியே ஒரு தடுப்புத் தண்டு பொருத்துவது இதற்குத் தீர்வாகும்.

உயரத்தினால் வரும் கேடு

நீண்ட பட்டைகளுடன் வண்டியின் உயரத்தையும் கூட்டிவிடுவோர் பலர். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடைவெளி 124 செ.மீ., புவியீர்ப்பு மையத்தின் உயரம் 62 செ.மீ. எனக் கணக்கிற்காகக் கொள்வோம். ஸ்பிரிங்கின் அசைவைக் கருதாவிடின், அவ்வண்டி பக்கவாட்டில் 45 பாகை சாயும் வரை கவிழாது. உயரத்தை 10 செ.மீ. கூட்டினால் அவ்வெல்லை 41 பாகைக்கும் குறைந்துவிடும். மென்மையான பட்டைகளின் மேல் உடல் சாய்வதால் உண்மையான எல்லை இன்னும் குறையும். எனவே பட்டை நீளலாம். வண்டி தேவையின்றி உயர்தல் ஆகாது.

கள அலுவலர் கவனத்திற்கு

நீர்ப் பீப்பாய்களும் கருவிப் பெட்டிகளும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, வெறும் வண்டியின் எடையைக் கொண்டு பட்டைகளைத் தெரிந்தெடுத்தல் கூடாது. முழுப் பாரத்துடன் நிறுத்தி அளந்தே எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். பட்டைகளை நெருப்பில் காய்ச்சி வளைப்பதும், பற்றவைப்பதும் எஃகின் பதத்தைக் கெடுக்கும். கழற்றிய பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தலாகாது. புதியவற்றையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும், ஒரு முன் சக்கரத்தை உயர்ந்த மேடையில் ஏற்றி நிறுத்தி, குழாய், தண்டு, ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை இரு பக்கங்களிலும் பார்வையிடுதல் நலம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. அரசு வண்டியாயின், மேலதிகாரியின் எழுத்து மூலமான இசைவும் பதிவு அலுவலகத்தின் கருத்தும் பெற்ற பின்னரே பட்டறைக்கு அனுப்புதல் வேண்டும்.

சக்கரம் நிலத்தில் பதிந்திருந்தால் குறைந்த வலிமையுள்ள எஞ்சினும் வண்டியைக் கரை சேர்க்கும். அந்தப் பிடிப்பை நீண்ட கமான்பட்டை நல்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பட்டையை மட்டும் மாற்றிவிட்டு, அதனுடன் பிணைந்த பிறவற்றை அப்படியே விட்டுவிடும் வண்டி, பழைய வண்டியைவிட ஆபத்தானது. அத்தகைய வண்டியை மலையேற்றுவதற்கு முன், அதில் அமரப் போகிறவரே அதன் அடியில் குனிந்து ஒரு முறை பார்த்துவிடுதல் சாலச் சிறந்தது.